அறுபது சதவீதம்

வர்ஷோத், ஜூன் 3

சம்பந்தி சப்ஸாலி அவர்களுக்கு,

யா அலி மதத். பதினான்கு மாதமாக உங்களுக்கு ஒரு வரிகூட நான் எழுதவில்லை. எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். கல்யாணத்தன்று ஊர் முழுக்கக் கேட்கும்படி, "என் பொண்ணை ஏரிக்கு அடியில குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அன்றிலிருந்து இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சரி, அது இருக்கட்டும். இது சம்பந்தி எழுதும் கடிதமல்ல. பள்ளிக்கூடத்துக் கணினிக்குக் காவல் இருப்பவள், அதைப் பொருத்திய மெக்கானிக்குக்கு எழுதுவது.

ஏரியில் நீங்கள் நட்ட கம்பம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நீர்மட்டத்தைச் சொல்கிறது. கணினி "டிங்" என்று வாங்கிக்கொள்கிறது. மட்டம் சட்டென்று இறங்கினால் கூரைமேல் இருக்கும் சங்கை ஊதும். ஏரி உடைந்தால் தண்ணீர் ஊருக்கு வர நாற்பது நிமிடம் ஆகும், அதற்குள் எல்லோரும் மேலே ஏறிவிடலாம் என்று நீங்கள்தான் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினீர்கள். எல்லாம் சரி. கணினி விழித்திருந்தால்தானே ஊதும்?

பனி உருகி ஓடை சேறாகிவிட்டது. ஊருக்கு மின்சாரம் தரும் டர்பைனின் தகடு தேய்ந்துவிடும் என்று, அதைப் பார்த்துக்கொள்ளும் கதம்ஷோ காலை எட்டு மணிக்கு மின்சாரத்தை நிறுத்துகிறார், இரவு பத்துக்குத்தான் திரும்ப விடுகிறார். பதினான்கு மணி நேரம். உங்கள் கணினியோ மாலை ஐந்து மணிக்கே கண்ணை மூடிவிடுகிறது. ஏனென்றால் அது அறுபது சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை.

ஐந்திலிருந்து பத்துவரை இந்த ஊர் குருடு. பகல் முழுக்க உருகிய தண்ணீர் ஏரிக்கு வந்து சேரும் நேரமும் அதுதான். என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். டிரைவர் ஃபய்ஸிடம் கொடுத்தனுப்பினால் போதும்.

சவ்சன் நன்றாக இருக்கிறாள். ஏழாம் மாதம்.

நியோஸ்பேகிம்
கணித ஆசிரியை

*

கோரோக், ஜூன் 6

சம்பந்தி அம்மாவுக்கு,

மவ்லோ அலி மதத். கடிதம் வந்தது. பிரித்தவுடன் பரீட்சைத் தாளைத் திருப்பி வாங்கின மாதிரி இருந்தது. பதினான்கு மாதத்தையும் எண்ணி வைத்திருக்கிறீர்களே.

முதலில் என் நிலைமை. போன வாரம் பஜாரில் ஒருவன் வீட்டுக் கூரையில் டிஷ் பொருத்தப்போய்க் கீழே வந்துவிட்டேன். வலது காலில் தொடைவரை மாவுக்கட்டு. கடையில் ஒரு ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு ஊர்க்காரர்களின் போனைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எழுதுகிறேன்.

கணினி அடம்பிடிக்கவில்லை. அறுபதோடு நிறுத்து என்று அதற்குச் சொன்னது நான். முதலில் வைத்த கணினி ஞாபகம் இருக்கிறதா? இரவும் பகலும் மின்சாரத்திலேயே கிடந்து, நூறிலேயே நின்று, எட்டே மாதத்தில் பேட்டரி ரொட்டி மாதிரி உப்பி விசைப்பலகையைத் தூக்கிவிட்டது. தீப்பிடிக்காதது உங்கள் அதிர்ஷ்டம். அதனால்தான் இரண்டாவதுக்கு வரம்பு வைத்தேன். அறுபது வந்தால் நிறுத்தும், ஐம்பதுக்குக் கீழே போனால்தான் மறுபடி ஏற்றும். அன்றைக்கு உங்கள் ஊரில் மின்சாரம் நிற்காமல் இருந்தது. தப்பு என்னுடையதா, ஓடையுடையதா?

கதம்ஷோவிடம் சொல்லி மாலையில் இரண்டு மணி நேரம் டர்பைனை ஓட்டச் சொல்லுங்கள். அமைப்புகளை நீங்கள் தொட வேண்டாம். பாஸ்வேர்ட் போட்டிருக்கிறேன். பொருத்தியவனைத் தவிர யாரும் தொடக்கூடாது என்பது ஏரிக் காவல் திட்ட அலுவலகத்தின் உத்தரவு.

சவ்சனுக்கு உலர்ந்த ஆப்ரிகாட் பழமும் ஒரு கம்பளிச் சால்வையும் அனுப்பியிருக்கிறேன். அவள் உங்கள் வீட்டில் சிரிக்கிறாளா என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.

சப்ஸாலி

*

வர்ஷோத், ஜூன் 10

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கால் சீக்கிரம் கூடட்டும். சந்தோஷப்படவில்லை, கொஞ்சம்தான்.

கதம்ஷோவிடம் கேட்டேன். "அம்மா, தகடு போச்சுன்னா குளிர்காலம் முழுக்க இருட்டுல கெடப்பீங்க, பரவாயில்லையா?" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். அவருக்கு நெஞ்சுச் சளி வேறு. இருமி இருமிப் பேசுகிறார். என் மகன் இம்தோத்தான் இப்போது பாதி வேலையைப் பார்க்கிறான். தினமும் மேலே பள்ளத்தாக்குக்குள் போய் மதகில் அடைக்கிற சேற்றை வாரிவிட்டு வருகிறான்.

நீங்கள் வைத்த வரம்பில் ஒரு ஓட்டை இருக்கிறது. எட்டாம் தேதி மின்சாரம் நடுவில் ஒன்றேகால் மணி நேரம்தான் நின்றது. திரும்ப வந்தபோது பேட்டரி ஐம்பத்தொன்று. ஐம்பதுக்குக் கீழே போகவில்லை என்பதால் அது ஏற்றிக்கொள்ளவே இல்லை. ஒயர் செருகியிருக்கிறது, விளக்கு எரிகிறது, ஆனால் "சார்ஜ் ஆகவில்லை" என்று எழுதியிருக்கிறது. மறுநாள் எட்டு மணிக்கு மின்சாரம் போனபோது ஐம்பத்தொன்றிலிருந்தே இறங்க ஆரம்பித்து, மதியம் மூன்றரைக்கே அணைந்துவிட்டது. ஒரு சதவீதத்துக்காக ஒன்றரை மணி நேரம் போயிற்று. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட இப்படிக் கணக்குப் போடாது.

நீர்மட்டத்தை நான் நோட்டில் எழுதி வருகிறேன். மே மாதம் ஒரு நாளைக்கு ஒரு செண்டிமீட்டர் ஏறியது. இப்போது நான்கு ஏறுகிறது. இந்தக் கடிதம் எழுதும்போதும் மேலிருந்து பனிக்கட்டி சரிகிற சத்தம் கேட்கிறது. முன்பெல்லாம் வாரத்துக்கு ஒருமுறை கேட்கும், இப்போது தினமும் கேட்கிறது.

திட்ட அலுவலகத்தின் உத்தரவைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அவர்கள் யாரும் இங்கே தூங்குவதில்லை. உங்கள் மகள் தூங்குகிறாள். பாஸ்வேர்டைக் கொடுங்கள்.

அவள் சிரிக்கிறாள். இம்தோத் சமைத்ததைப் பார்த்தால் யாரும் சிரிப்பார்கள். சால்வையைத் தோளிலிருந்து இறக்கவே மாட்டேன் என்கிறாள்.

நியோஸ்பேகிம்

*

கோரோக், ஜூன் 13

சம்பந்தி அம்மாவுக்கு,

அந்த ஐம்பத்தொன்று என்ற எண்ணைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க உங்கள்மேல் கோபமாக இருந்தேன். பிறகு என்மேலேயே கோபம் வந்தது. நான் கோரோக்கில் உட்கார்ந்துகொண்டு பேட்டரியின் ஆயுளை யோசித்தேன். நீங்கள் ஆட்களின் ஆயுளை யோசிக்கிறீர்கள். பேட்டரி உப்பினால் உப்பட்டும், புதிது வாங்கிக்கொள்ளலாம்.

பாஸ்வேர்ட், சவ்சனின் பெயரும் அவள் பிறந்த தேதியும். சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல். சிரிக்காதீர்கள். அந்தக் கணினியைப் பொருத்த வந்தபோது அவளையும் கூட்டி வந்தேன். அவள் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உங்கள் மகன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் கூரைமேல் இருந்ததால் மற்றதைக் கவனிக்கவில்லை.

கணினியை அணைத்துவிட்டு, திரும்ப எழுப்பும்போது மேல்வரிசையில் F2 என்ற விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். நீலத் திரை வரும். பாஸ்வேர்டைக் கொடுங்கள். 'பவர்' என்ற பக்கத்தில் வரம்பு இருக்கும். அறுபதை நூறாக்கிச் சேமியுங்கள். அதே பக்கத்தில் இருக்கும் மற்ற எதையும் தொடாதீர்கள். நான் யோசித்து வைத்தவை அவை.

சப்ஸாலி

*

வர்ஷோத், ஜூன் 17

சம்பந்தி அவர்களுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். நீலத் திரை வந்தது. உங்கள் மகள் பெயரைத் தட்டி உள்ளே போனேன். நூறு என்று வைத்தேன், சேமித்தேன். "சேமிக்கப்பட்டது" என்றும் சொன்னது. ஆனால் கணினி எழுந்து பார்த்தால் மறுபடி அறுபது. நான்கு முறை செய்தேன். நூறு வைத்தால் அறுபது, எண்பது வைத்தாலும் அறுபது. ஐந்தாவது முறை செய்தபோது சவ்சன் பின்னால் வந்து நின்று பார்த்தாள். "அத்தை, இதுக்குள்ள இருக்கற அடிப்படை நிரல் பழசு. அப்பா கடையில இதே மாதிரி ஒண்ணு வந்துச்சு. அப்டேட் போடாம சரியாகாது" என்றாள். உண்மையா?

ஏரி நாளைக்கு ஆறு செண்டிமீட்டர் ஏறுகிறது. ஓடைத் தண்ணீர் பால் டீ நிறத்தில் இருக்கிறது. கதம்ஷோ நேற்று டர்பைன் கொட்டகையிலேயே மயங்கி விழுந்தார். ஓடையோரம் இருக்கும் அவர் வீட்டுக்கு இம்தோத் தோளில் தூக்கிக்கொண்டு போனான்.

இந்த ஊரில் நாற்பத்தொரு வீடு. மாலை ஐந்து மணிக்குக் கணினி அணையும்போது நான் பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்து காதால் காவல் காக்கிறேன். ஐம்பத்திரண்டு வயதில் இதெல்லாம் எனக்குத் தேவையா? பயமாக இருக்கிறது, சம்பந்தி. வேறு யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

நியோஸ்பேகிம்

*

கோரோக், ஜூன் 20

சம்பந்தி அம்மாவுக்கு,

சவ்சன் சொன்னது சரி. ஃபர்ம்வேர் என்பார்கள். கணினி கண்ணைத் திறந்தவுடன், மற்ற எதற்கும் முன்னால், தனக்குத்தானே படித்துக்கொள்ளும் முதல் பாடம் அது. அதில் ஒரு பிழை இருந்திருக்கிறது. புதிய பாடத்தைப் பென் டிரைவில் ஏற்றி ஃபய்ஸிடம் கொடுத்திருக்கிறேன். காகிதத்தில் சுற்றி, டீ டப்பாவில் போட்டிருக்கிறேன். நனையக்கூடாது.

சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். இதில் விளையாட்டில்லை. மின்சாரம் நிச்சயமாக இருக்கும் நேரத்தில் செய்யுங்கள். விடியற்காலை ஐந்து மணி நல்லது. சார்ஜர் செருகியிருக்க வேண்டும், பேட்டரி ஐம்பதுக்கு மேல் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் தொடங்கவே தொடங்காது. தொடங்கியபின் திரை கறுத்துப்போகும், காற்றாடி வேகமாகச் சுற்றும். செத்துவிட்டது என்று நினைப்பீர்கள். தொடாதீர்கள். பொத்தானை அழுத்தாதீர்கள், ஒயரை ஆட்டாதீர்கள். நடுவில் அணைந்தால் அந்தக் கணினியைக் கல்லாக எடுத்து மதகுக்குப் போடலாம், அவ்வளவுதான். இங்கே என்னிடம் மாற்றுக் கணினி இல்லை. திட்ட அலுவலகம் ஒன்று அனுப்ப இலையுதிர்காலம் ஆகும் என்கிறது.

முடிந்ததும் வரம்பை நூறாக்குங்கள்.

நீங்கள் பயமாக இருக்கிறது என்று எழுதியதை நானும் யாரிடமும் சொல்லவில்லை. நான் அன்றைக்குக் கல்யாணத்தில் சொன்னதும் பயத்தில் சொன்னதுதான். திமிரில் சொன்னேன் என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள், நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

சப்ஸாலி

*

வர்ஷோத், ஜூன் 23

சம்பந்திக்கு,

ஆயிற்று.

இம்தோத் நாலரை மணிக்கே டர்பைனுக்குப் போய்விட்டான். நான் வேலையை முடித்து ஆளனுப்பும்வரை அங்கேயே நின்று மின்சாரம் போகாமல் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. நானும் சவ்சனும் பள்ளிக்கூடத்தில். பேட்டரி ஐம்பத்தெட்டு. சார்ஜர் செருகியிருந்தது. பென் டிரைவைப் போட்டு, நீங்கள் எழுதியதை வரிவரியாக அவள் வாசிக்க, நான் தட்டினேன்.

திரை கறுத்தது. காற்றாடி இரைந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நான்காவது நிமிடம் காற்றாடியும் நின்றுபோயிற்று. அதை நீங்கள் எழுதவில்லை. என் கை தானாகப் பொத்தானை நோக்கிப் போனது. சவ்சன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, அப்பா தொடாதீங்கன்னு எழுதியிருக்காரு" என்றாள். அப்படியே பிடித்துக்கொண்டு நின்றோம். அவள் வயிற்றுக்குள் குழந்தை உதைத்தது எனக்குத் தெரிந்தது. பதினோராவது நிமிடம் திரை எரிந்தது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இப்போது நூறு என்றால் நூறு. நேற்று... இல்லை, இன்றுதான், காலை எட்டு மணிக்கு மின்சாரம் போய், இரவு பத்துக்கு வரும்வரை விழித்தேயிருந்தது. வந்தபோது ஒன்பது சதவீதம் மீதி. ஆறு வாரத்தில் இன்றுதான் ஊர் முழு நாளும் கண்ணைத் திறந்து வைத்திருந்தது. இதைப் படுக்கப்போகும் முன் எழுதுகிறேன்.

குழந்தை பிறந்ததும் வாருங்கள். ஜீப் தொங்குபாலத்தோடு நின்றுவிடும், அதற்குமேல் ஒரு மணி நேர நடை. காலை அதற்குள் சரிபண்ணிக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டுமானால் முதலிடத்தில் பாய் போடுகிறேன்.

நியோஸ்பேகிம்

*

வர்ஷோத், ஜூன் 25

சம்பந்திக்கு,

இன்று விடியற்காலை கதம்ஷோ இறந்துவிட்டார். இரவு முழுக்க இம்தோத் அவர் பக்கத்தில்தான் இருந்தான். மதியத்துக்குமுன் அடக்கம் செய்துவிட்டோம். ஊர் மொத்தமும் அவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. நாளை மறுநாள் மாலை விளக்கு ஏற்றித் துக்கம் முடிக்கும்வரை அங்கேதான் இருப்போம். சவ்சன் மட்டும் மேல் வீட்டில் தனியாக இருக்கிறாள். வயிற்றுப்பிள்ளைக்காரி சாவு வீட்டில் காலடி வைக்கக்கூடாது என்று எங்கள் ஊரில் கண்டிப்பு, உங்களுக்குத் தெரியும்.

கடவுள் அவருக்காக ஓடையைச் சுத்தம் செய்தது போலிருக்கிறது. நேற்று மதியத்திலிருந்து தண்ணீர் குறைந்து, கண்ணாடி மாதிரி தெளிந்து ஓடுகிறது. சேறே இல்லை. மின்சாரம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. இருபத்தைந்து வருடம் அந்த டர்பைனைக் காத்தவர், தன் சாவுக்காவது வெளிச்சம் நிற்காமல் பார்த்துக்கொண்டார் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள்.

விளக்கு ஏற்றும்வரை ஊரில் டிவி, பாட்டு, சத்தம் எதுவும் கூடாது. பள்ளிக்கூடம் அவர் வீட்டுக்கு நேர்மேலே இருப்பதால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த "டிங்" சாவு வீட்டுக்குள் கேட்கிறது. ஒவ்வொரு முறையும் அவர் மனைவி தலையை நிமிர்த்திப் பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. நானே போய்க் கணினி மூடியைச் சாத்தி, மேலே ஒரு துணியைப் போர்த்திவிட்டு வந்தேன். நீங்கள் பயப்படாதீர்கள். பிள்ளைகள் விளையாடினால் என்று இரண்டு வருடமாகப் பல நாள் மூடித்தான் வைத்திருக்கிறேன். மூடினால் சத்தம் மட்டும்தான் நிற்கும், வேலை நிற்காது.

ஃபய்ஸ் அடக்கத்துக்கு வந்திருந்தான். இப்போதே திரும்புகிறான், அதனால் அவசரமாக எழுதினேன்.

நியோஸ்பேகிம்

*

கோரோக், ஜூன் 26, காலை எட்டு மணி

சம்பந்தி அம்மா,

மூடியைத் திறங்கள். இந்த வரியைப் படித்தவுடன் மீதியைப் படிக்காமல் ஓடிப்போய்த் திறங்கள்.

மூடினால் தூங்கிப்போகும். முன்பு தூங்காததற்குக் காரணம், அந்த நீலத் திரைக்குள் மூடியின் விசையை நான் அணைத்து வைத்திருந்தேன். நான் யோசித்து வைத்தவை என்று எழுதினேனே, அதில் ஒன்று. அப்டேட் எல்லாவற்றையும் கம்பெனி வைத்தபடி திருப்பிவிட்டது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்டேட்டோடு வந்த குறிப்பில் எழுதியிருக்கிறது, இப்போதுதான் படிக்கிறேன். வரம்பு சரியாகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மற்றதை விட்டுவிட்டேன். இன்று உங்கள் கடிதத்தைப் படித்ததும் கடையில் இருக்கும் அதே மாதிரிக் கணினிக்கு அதையே ஏற்றி, மூடிப் பார்த்தேன். உடனே தூங்கிவிட்டது.

ஓடை தெளிந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை மூன்று முறை படித்தேன். உருகும் காலத்தில் ஓடை குறைந்தால் தண்ணீர் எங்கே போகிறது? ஏரியின் வாயில் பனிக்கட்டி அடைத்திருக்கிறது. தண்ணீர் பின்னால் ஏறிக்கொண்டிருக்கிறது. நீங்கள் எல்லோரும் ஓடையோரத்து வீட்டில், ஊரிலேயே தாழ்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

எல்லோரையும் மேலே கூட்டிப்போங்கள். கதம்ஷோ மன்னிப்பார். யாராவது கோபித்தால் சப்ஸாலி சொன்னான் என்று சொல்லுங்கள். என்னைத் திட்டட்டும்.

ரேடியோவில் கூப்பிடச் சொல்லித் திட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டேன். வர்ஷோத்தில் யாரும் எடுக்கவில்லையாம். எடுக்கிறவர் கதம்ஷோதானே. நானே வருகிறேன் என்றுதான் ஜீப்பில் ஏறினேன். "மாமா, பாலத்துக்கு மேல உங்களத் தூக்கிட்டு நடந்தா ராத்திரி ஆயிடும். கடுதாசியக் குடுங்க, நான் ஓடியே போறேன்" என்றான் ஃபய்ஸ். அவன் சொல்வது சரி. இறங்கிவிட்டேன். அவன் காதிலும் மூன்று முறை சொல்லியிருக்கிறேன்.

சவ்சனை மேல் வீட்டை விட்டு இறங்க விடாதீர்கள்.

சப்ஸாலி

*

கோரோக், ஜூன் 27

சம்பந்தி அம்மா,

ஃபய்ஸ் நள்ளிரவில் திரும்பி வந்தான். கடிதத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். தொங்குபாலம் இல்லை, சாலையும் இல்லை. ஆறு கறுப்பாக, மரங்களைச் சுமந்துகொண்டு போகிறதாம். அதில் ஒரு கதவு போவதைப் பார்த்தேன் என்கிறான். எந்த வீட்டுக் கதவு என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை.

இதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் எழுதுகிறேன். கணவாய் வழியாக நடந்து போகத் தயாராக மூன்று பேர் இருக்கிறார்கள். ஃபய்ஸும் போகிறான். அவனிடம் இரண்டு கடிதத்தையும் கொடுக்கிறேன்.

ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். நல்லதோ கெட்டதோ.

சப்ஸாலி

*

வர்ஷோத், ஜூலை 2

சம்பந்திக்கு,

முதலில் உங்களுக்கு வேண்டிய வரி. சவ்சன் உயிரோடு இருக்கிறாள். வயிற்றில் குழந்தை அசைகிறது. இரண்டு பேருக்கும் ஒரு கீறலும் இல்லை.

இனி மற்றது. ஃபய்ஸ் காத்திருக்கிறான். ஆனாலும் முழுதாக எழுதுகிறேன்.

இருபத்தாறாம் தேதி மதியம் நாங்கள் எல்லோரும் கதம்ஷோ வீட்டில் இருந்தோம். ஓடை ஏன் இவ்வளவு குறைந்துவிட்டது என்று பார்த்து வருகிறேன் என்று இம்தோத் மதகுக்குக் கிளம்பினான். "ரெண்டு மணி நேரத்துல வந்துடறேன்மா" என்றான். சரி என்று தலையாட்டினேன். அப்போது யாரோ எனக்கு ரொட்டி பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை.

சவ்சன் மேல் வீட்டில் தனியாக இருந்தாள். ஒரு நாளாக "டிங்" சத்தம் கேட்கவில்லையே என்று அவளுக்கு உறுத்தியிருக்கிறது. மெக்கானிக் வீட்டில் வளர்ந்தவள் அல்லவா. தண்ணீர் எடுக்கப் போவதுபோல் பள்ளிக்கூடத்துக்கு வந்து, துணியை எடுத்து, மூடியைத் திறந்திருக்கிறாள். கணினி விழித்து, ஏரிக் கம்பம் சேர்த்து வைத்திருந்த எண்களையெல்லாம் ஒன்றாக வாங்கியது. உடனே சங்கு ஊதியது.

சாவு வீட்டில் யாருக்கும் புரியவில்லை. "துக்கத்துல யாரு இப்படி மரியாதையில்லாம" என்று ஒரு பெரியவர் எழுந்தே விட்டார். சவ்சன் பள்ளிக்கூடச் சுவர்மேல் ஏறி நின்று கத்தினாள். "மேல ஏறுங்க. எதையும் எடுக்காதீங்க, மேல ஏறுங்க." ஓடினோம். கதம்ஷோவின் மனைவியை இரண்டு பேர் போர்வையில் வைத்துத் தூக்கினார்கள். கடைசி ஆள் பள்ளிக்கூட மேட்டைத் தாண்டியபோது தண்ணீர் வந்தது. அந்த வீடு போயிற்று, டர்பைன் போயிற்று, இன்னும் பதினோரு வீடு போயிற்று. மேட்டில் நின்று தலைகளை எண்ணினேன். எத்தனை முறை எண்ணினாலும் ஒன்று குறைந்தது.

இம்தோதை இருபத்தொன்பதாம் தேதிதான் கண்டுபிடித்தோம். அன்றே அடக்கம் செய்தோம். நேற்று அவனுக்கு விளக்கு ஏற்றினோம்.

கணினியில் நேரம் எல்லாம் இருக்கிறது, சம்பந்தி. நான் கணக்கு வாத்தியார், பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஏரி மட்டம் விழ ஆரம்பித்தது இரண்டு மணி இருபத்தொரு நிமிடம். சவ்சன் மூடியைத் திறந்தது இரண்டு ஐம்பத்திரண்டு. தண்ணீர் ஊருக்கு வந்தது மூன்று ஒன்று. நீங்கள் கரும்பலகையில் போட்ட நாற்பது நிமிடம் சரியாகத்தான் இருந்தது. எங்களுக்குக் கிடைத்தது ஒன்பது. கீழே இருந்தவர்களுக்கு அது போதும். மதகு மேலே இருக்கிறது, சங்கு அங்கேயும் கேட்கும், ஆனால் தண்ணீர் முன்பே வந்துவிடும். அவனுக்குக் கிடைத்தது மூன்று. இரண்டு இருபத்தொன்றுக்கே ஊதியிருந்தால் அவனுக்கு முப்பத்து நான்கு நிமிடம் இருந்திருக்கும். அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏற அவனுக்குப் பத்து போதும்.

சவ்சன் அழவில்லை. தினமும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறாள். "அத்தை, மூடியை யார் மூடுனது?" துக்கத்தில் யாரோ மூடியிருப்பார்கள் என்றேன். நேற்று விளக்கு முடிந்ததும், "யார் மூடினா என்ன, அப்பா போட்ட அப்டேட்தானே அதைத் தூங்க வச்சிருக்கும். அவருக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றாள். நானும் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

ஃபய்ஸ் உங்கள் கடிதங்களை நேற்று மாலை கொண்டுவந்தான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று உங்கள் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். அதை அவளிடம் காட்டினால் போதும், நான் தப்பித்துக்கொள்வேன். அவள் என்னோடு இந்த வீட்டிலேயே இருப்பாள், குழந்தையும் என் மடியில் வளரும், உங்கள்மேல் இருக்கும் கோபத்தை நான் ஆற்றிக்கொண்டே இருக்கலாம். இரவு முழுக்க அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதைத்தான் யோசித்தேன். யோசித்தேன் என்பதை உங்களிடம் மறைக்கவில்லை.

நீங்கள் குறிப்பைப் படிக்கவில்லை. நான் மூடினேன். பேசவேண்டிய இயந்திரத்தின் வாயை, ஒரு பெண் தலை நிமிர்ந்து பார்த்தாள் என்பதற்காகப் பொத்தினேன். பிறகு ஒரு நாள் முழுக்க அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது அவள் உள்ளே டீ வைத்துக்கொண்டிருக்கிறாள். இதை ஃபய்ஸிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய் அவளிடம் சொல்லப்போகிறேன். முதலில் உங்களுக்கு எழுதியது, எழுதி அனுப்பிவிட்டால் என்னால் பின்வாங்க முடியாது என்பதற்காக. அதற்குப் பிறகு அவள் உங்கள் வீட்டுக்குத்தான் போவேன் என்றால், நானே கணவாய்வரை கூட்டி வந்து விடுகிறேன். மெதுவாக நடப்போம்.

இம்தோதின் அம்மா